கோட்டுப் பையில் கைவிட்டு நிற்கும் கர்னல்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு பொம்மையிடம், "என்ன ஒரு நிமிர்வு, ஐயா!" என்று எழுத்து மூலமாக வியந்திருக்கிறேன். கூடவே இரண்டு கைகூப்பும் படங்கள். பிறகு ஒருநாள் இன்னொரு புகைப்படத்தின் மூலையில் பொம்மையைத் தாங்கும் இரும்புக் கால் ஒன்று தெரிந்தது. எழுதியதை அழித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முந்நூறு பேர் வியந்துகொண்டிருக்கும் இடத்தில் முதல் ஆளாக வாய் திறப்பானேன்? சொல்லாமல் விட்டது உறுத்தியதில் பிறந்ததுதான் இந்தக் கதை.

2

"தாராவியின் சாக்கடை மீது மாலை வெயில் பொன்னாக உருகி—"

[வேண்டாம். தாராவி என்று எழுதியதுமே எழுதுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கவிஞராகிவிடுகிறார்கள். இந்தத் தையல் கடையில் மணப்பது இஸ்திரிப் பெட்டியின் ஆவியும், ஃபர்ஸானா வாங்கிவந்த வடாபாவும்.]

"அபுதாஹிருக்கு ஐம்பத்து மூன்று வயது. கோட்டு மட்டுமே தைப்பார்."

இது போதும். இதிலிருந்தே தொடங்கலாம்.

அவர் மகள் ஃபர்ஸானா, கல்லூரி முடித்தவள், போன வருடம் ஆர்டர் பிடிப்பதற்காக அவரை இணையத்தில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். குழுவின் பெயர் 'கடைசிப் பொத்தான்'. கோட்டின் கடைசிப் பொத்தானைப் போடவே கூடாது என்பது அவர்களுடைய முதல் சட்டம். கோட்டணிந்து படம் போடும்போது கழுத்துக்கு மேலே வெட்டிவிட வேண்டும் என்பது இரண்டாவது. முகம் தெரிந்தால் நாகரிகமில்லையாம்.

ஃபர்ஸானா தைத்து முடித்த கோட்டுகளைக் கடைப் பொம்மைக்கு மாட்டிப் படமெடுத்தாள். பொம்மைக்குத் தலையில்லை, ஆகவே வெட்டும் வேலையும் இல்லை. கை இல்லாததால் கோட்டின் கைகள் துவண்டு தொங்கின. அவற்றின் நுனியைக் கோட்டுப் பைக்குள் செருகிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

"வாப்பா, பொம்மைக்கு முந்நூறு லைக்கு வந்திருக்கு."

"கோட்டுக்கா?"

"நிக்கிற நிப்புக்கு. வயித்த எக்காம ஒரு மனுசன் எப்படி இப்படி நிக்க முடியும்னு கேக்காவ."

"மரத்துக்கு ஏதுளா வயிறு?"

குழு ஆங்கிலத்தில் நடந்தது. அபுதாஹிரின் ஆங்கிலம் மூன்று சொற்களில் மூச்சு வாங்கும். யாராவது தன் கோட்டுப் படத்தைப் போட்டுக் கருத்துக் கேட்டால், "தோள் தப்பு. பிரித்துத் தை" என்று மகளைத் தட்டச் சொல்வார். சொற்சிக்கனத்தைப் பார்த்த குழு, இவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து 'கர்னல்' என்று அழைத்தது. எங்கே தைத்தது என்று கேட்டவர்களுக்குக் கர்னல் கடை முகவரியைக் கொடுத்தார்; கடையே தன்னுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே அவர் படம் போடாததற்கும் விளக்கம் வைத்திருந்தார்கள்: பேன்ட்டை நிரூபிக்க வேண்டிய நிலையில் இல்லாதவர்.

3

(சிறு கட்டுரை. அவசரமுள்ளவர்கள் தாண்டலாம்.)

மும்பை வெக்கையில் கம்பளிக் கோட்டுக்கு ஏன் இத்தனை கூட்டம் என்று சிரிக்கத்தான் உட்கார்ந்தேன். சட்டைக் கை கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தெரியலாமா, கால் அங்குலமா என்று இரண்டு நாள் சண்டை நடக்கும். அதில் ஒருவர் மனம் நொந்து வெளியேறுவார். மறுநாள் திரும்பி வருவார்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அபுதாஹிரின் வாடிக்கையாளர்கள் முப்பது வருடமாகக் கேட்டதெல்லாம் "எப்போ கிடைக்கும்?" என்பது மட்டுமே. காலரின் அடிப்பக்கத் தையலை ஒருவர்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. இங்கே முகம் தெரியாத ஒருவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "கையால் போட்டது, எண்ணிவிட்டேன்" என்று எழுதியிருந்தார். அதை அபுதாஹிர் மகளை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

4

இப்போது சந்திரமௌலி. மாட்டுங்காவாசி, அறுபத்திரண்டு வயது, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் கோப்புகளின் மேல் குனிந்தவர். குழுவில் அவர் பெயர் 'மாட்டுங்கா பிரபு'.

[முதல் படியில் இவரை வெறும் பீற்றல் பேர்வழியாக எழுதியிருந்தேன். எழுத எழுதச் சந்தேகம் வந்தது. வீட்டில் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தபோது மனைவி நாகலக்ஷ்மி ஏறிட்டுப் பார்த்து, "ஏசி ரிப்பேரா, குளிர்றதா?" என்று மட்டும் கேட்டதாக ஒரு வரி வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவரை அடிக்கக் கை வரவில்லை. பீற்றலைக் கொஞ்சம் மட்டும் வைத்திருக்கிறேன்.]

அவருக்குக் கோட்டுத் தைத்தது அபுதாஹிர்தான். அளவெடுத்தபோது கூனலையும், ரயிலில் பை தொங்கித் தொங்கி இறங்கிப்போன வலது தோளையும் பார்த்தார். அளவுப் புத்தகத்தில் கூனலுக்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு பிறை போட்டுக்கொண்டார். இந்த மாதிரி விஷயத்தை வாடிக்கையாளரிடம் அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோட்டை அந்தக் கூனலுக்கு ஏற்றபடி வெட்டினார். மாட்டியதும் ஆள் நேராகத் தெரிந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை மாட்டுங்கா பிரபு குழுவில் படம் போட்டார். பின்கழுத்துக்குக் கீழே கோட்டில் பெரிய மடிப்பு. அபுதாஹிர் துணியைப் பார்த்ததுமே தன் கோட்டு என்று கண்டுகொண்டார். கீழே கடையின் பெயர், முகவரி எல்லாம் இருந்தன. குழுவில் 'போகக்கூடாத கடைகள்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதைக் காப்பவர் பத்ரி என்பவர். அவர் எழுதியிருந்தார்: "மாலை ஆறு மணிக்குள் கர்னல் தீர்ப்புச் சொல்லட்டும். இல்லையென்றால் கடையை ஏற்றிவிடுகிறேன்."

அபுதாஹிரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது அந்தக் குழுக்காரர்கள். கல்யாண சீசன் வேறு.

5

ஐந்தரை மணிக்குச் சந்திரமௌலியே கோட்டோடு கடைக்கு வந்து நின்றார்.

"பாய், நீங்களே பாருங்கோ. கழுத்துக்குக் கீழே அலை அடிக்கறது."

அபுதாஹிர் பார்த்தார். கோட்டைவிட, உள்ளேயிருந்த ஆள்தான் விசித்திரமாகத் தெரிந்தார். நெஞ்சு முன்னால், தோள் பின்னால், வயிறு எங்கேயோ, இரண்டு கையும் கோட்டுப் பையில்.

"சாரு, எப்பவும் நிக்கிற மாரி நில்லுங்க."

"இதான் எப்பவும். ஆறு மாசமா கண்ணாடி முன்னாடி பழகிண்டிருக்கேன். எங்க குரூப்ல கர்னல்னு ஒருத்தர் இருக்கார். என்ன ஸ்டைலா நிப்பார் தெரியுமோ! அசையவே மாட்டார்."

கூனனுக்கு வெட்டிய கோட்டை

["கூனன்" வேண்டாம். அவரே சொல்லாததை நான் ஏன் சொல்ல?]

அந்த மனிதருக்கென்று வெட்டிய கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் பொம்மையாக நின்றுகொண்டிருந்தார்.

"குண்டூசி எடுத்துட்டு வாரேன் சாரு."

திரைக்குப் பின்னால் மாலைப் படத்துக்குத் தயாராகப் பொம்மை நின்றது. சாம்பல் கோட்டு, பையில் கை. பக்கத்தில் ஃபர்ஸானா, கையில் ஃபோன்.

"கோட்டு சரி, ஆளு கோணல்னு போட்டுரவா?" என்றாள் காதோடு.

"வாயக் கழுவு."

"அப்ப கோட்டு தப்புன்னு போடவா?"

"அதுக்கு என் கைய முறிச்சுப் போடு."

"மணி அஞ்சே முக்கா. நாந்தான் அந்தக் கர்னல்னு வெளிய போய்ச் சொல்லிருங்க, முடிஞ்சுது."

அபுதாஹிர் பொம்மையைப் பார்த்தார். சொல்லிவிடலாம். சொன்னால் அப்புறம் காலரின் அடித்தையலை எண்ணிப் பார்த்துச் சொல்ல யார் இருப்பார்கள்?*

"எழுதுளா," என்றார். "கோட்டுல குத்தமில்ல. மூச்ச விடு."

"அவ்ளோதானா?"

"பஸ், போதும்."

* நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று நம்ப ஆசை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

6

சந்திரமௌலியின் ஃபோன் ஒலித்தது. வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு, ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

வயிறு இறங்கி வந்தது. வலது தோள் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. மடிப்பைக் காணோம். நிலைக்கண்ணாடியில், முப்பத்தாறு வருடம் குனிந்த ஒருவர் நேராக நின்றுகொண்டிருந்தார்.

"அட!" என்றார். திரும்பித் திரும்பி முதுகைப் பார்த்தார். "நன்னாத்தான் தைச்சிருக்கேள், பாய்."

பத்ரி கடையைப் பட்டியலில் ஏற்றப்போவதில்லை என்று அறிவித்தார். சந்திரமௌலி "நன்றி, கர்னல்" என்று அனுப்பினார்.

திரைக்குப் பின்னால் 'டிங்' என்றது.

அவர் தலை நிமிர்ந்தது. சோதித்துப் பார்க்கிறவர்போல ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் அனுப்பினார்.

டிங்.

7

இதுவரை மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஃபர்ஸானா வெளியே ஓடி வந்து, "என் ஃபோன் சார், கிரிக்கெட் ஸ்கோர்" என்கிறாள். இன்னொன்றில் சந்திரமௌலி திரையை விலக்கிப் பொம்மையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நிக்கறது சரியில்லை, கர்னல்கிட்ட கத்துக்கணும்" என்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான். பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது.

மூன்றாவதில், படத்தின் மூலையில் நான் பார்த்த அந்த இரும்புக் காலை அவரும் அன்றே பார்த்திருக்கிறார். என்னைப்போலவே பேசாமல் இருந்திருக்கிறார். அதை எழுத உட்கார்ந்தால்

[முடியவில்லை.]

நீங்களே பார்த்துச் செய்யுங்கள். அபுதாஹிர் குண்டூசிப் பெட்டியோடு திரைக்கு வெளியே, வழியை மறித்து நிற்கிறார். சந்திரமௌலியின் கை திரைமேல் இருக்கிறது. கர்னலைச் சந்திக்கப்போகிறோம் என்றதும் பாவி மனுஷர் நெஞ்சை நிமிர்த்தி மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டார். கழுத்துக்குக் கீழே மடிப்பு திரும்பி வந்துவிட்டது.

சீக்கிரம். ரொம்ப நேரம் தாங்கமாட்டார்.