பத்தடி தள்ளிப் போட்ட மேசை

எங்கள் சலவை ஆலையில் மணிக்கணக்குக்குத்தான் கூலி. கடிகார மெஷினில் அட்டையை அடித்த பிறகு காய்ச்சல் என்று வீட்டுக்கு அனுப்பினால் அன்றைய முழுக் கூலியும் உண்டு. அடிப்பதற்கு முன்னால் அனுப்பினால் சல்லிக்காசு கிடையாது. இது தெரிந்ததிலிருந்து காய்ச்சல்காரர்கள் முக்கி முனகியாவது வந்து அட்டையை அடித்துவிட்டுத்தான் சுருண்டு விழுந்தார்கள். அதற்கு மேலாளர் ஒரு மருந்து கண்டுபிடித்தார். மெஷினைத் தாண்டி உள்ளே கிடந்த என் மேசையை, காய்ச்சல் பார்க்கும் மேசையை, பத்தடி நகர்த்தி வாசலில் போட்டார். விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஐஸ்பெட்டி.

அன்று காலை ஷிப்டு வரிசையில் ஆறாவதாக என் அக்கா நின்றாள். இஸ்திரிப் பிரிவில் வேலை. முந்திப்போய் வாசல் திறக்க நான் கிளம்பியபோதே அனலாகக் கொதித்துக்கொண்டு கிடந்தாள். வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதம் வேலைக்கு வராமல் ஏற்கெனவே இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாவது நாளும் போனால் ஆள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு கதியில்லை.

ஐஸ்பெட்டி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அக்கா முகத்தை நன்றாகக் கழுவி, பவுடர் பூசி, சிரித்துக்கொண்டு வேறு வந்தாள். அவள் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பிடித்தேன். நூற்றிரண்டு. திரையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

"தொண்ணூத்தெட்டு. போ."

மெஷினுக்கு இன்னும் நாலு எட்டுதான். அட்டையை நீட்டிக்கொண்டே போனாள்.

"கொஞ்சம் நில்லும்மா," என்றார் ஐஸ்பெட்டி.

என் கையிலிருந்து கருவியை வாங்கி அவள் நெற்றியில் அவரே பார்த்தார். நூற்றிரண்டுதான். கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நான் உளறினேன். அதையும் பார்த்துவிடலாம் என்று என் நெற்றிக்கே திருப்பினார். நூற்றொன்று காட்டியது. காலையிலிருந்து உடம்பு அடித்துப் போட்டாற்போல இருந்ததை நான் பயம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"பொய் சொன்னதுக்கு நாளைக்கு வெச்சுக்கறேன்," என்றார். "நீ அட்டை அடிச்சாச்சு. உனக்கு இன்னைக்குக் கூலி உண்டு. ரெண்டு பேரும் கெளம்புங்க."

தெருவில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரே போர்வைக்குள் படுத்து அவளிடமிருந்து எனக்கு ஒட்டிய காய்ச்சல். அதற்கு எனக்குக் கூலி கிடைக்கிறது, அவளுக்கு வேலை போகிறது. கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். அடிக்காத அட்டை இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"நல்லவேளை, நீயாவது முன்னாடியே அடிச்சுட்டே," என்றாள்.

மனதாரத்தான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.