சம்பந்தி விற்ற வண்டி

நாரின் நகரில் கல்முராதின் முற்றத்தில் வண்டி கைமாறியபோது அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். வாங்கிய டோரோன்பெக், அவர் மனைவி சாக்கின், மகன் ஜைனாக், விற்ற சம்பந்தி கல்முராத், அந்த வீட்டு மருமகளாகிவிட்ட டோரோன்பெக்கின் மகள் ஜிபார். தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் டோரோன்பெக்கின் ஊரான கோச்கோர் முழுக்க உண்டு. அவர்களை நம்ப வேண்டாம்.

கடும் பனிக்காலம். அவர்கள் போய்ச் சேரும் முன்பே அந்தச் சின்ன எஸ்யூவி உறுமிக்கொண்டு நின்றது.

"உங்களுக்குக் குளிருமேன்னு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சூடு பண்ணி வச்சேன், சம்பந்தி" என்றார் கல்முராத்.

ஜைனாக் பானெட்டைத் திறக்கப் போனான். டோரோன்பெக் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி விக்கிற பொருளை மோந்து பார்க்கிற பழக்கம் நம்ம வம்சத்துல கிடையாது. கையை எடு."

பேரமும் பேசவில்லை. பெரியவர்கள் இருவரும் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டார்கள். வியாபாரம் முடிந்தது.

மறுநாள் கோச்கோரில், ஆறிக் கிடந்த இன்ஜினைக் கிளப்பியபோதுதான் வண்டியின் சொந்தக் குரல் கேட்டது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது. சாக்கின் வாசலுக்கு ஓடி வந்தார்.

"ஏங்க, எதுக்கு இப்படிக் கத்துது?"

"புது இடம். பழகிடும்" என்றார் டோரோன்பெக்.

பழகவில்லை. கோச்கோரில் மெக்கானிக்குகள் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லோரும் யாருக்காவது சொந்தக்காரர்கள். எனவே வண்டியை அடுத்த ஊரான பாலிக்சிவரை ஓட்டிப்போய், ஸ்லாவா என்ற ருஷ்யனிடம் காட்டினார். அவன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"டைமிங் செயின் தொங்கிப்போச்சு, பெரியவரே. டர்போ ஆயிலைக் குடிக்குது. கியர்பாக்ஸும் ரொம்ப நாள் தாங்காது. வித்தவன் யாரு? போய் அவன் சட்டையைப் பிடிங்க."

"அவர் என் சம்பந்தி."

ஸ்லாவா கையைத் துடைத்துக்கொண்டான். "அப்போ டீ சாப்பிடுங்க" என்றான்.

ஜிபார் அந்த வீட்டில்தான் வாழ்கிறாள். இங்கே வாயிலிருந்து விழும் ஒரு குறைச்சொல், அங்கே அவள் காதில் நூறு சொல்லாகப் போய்ச் சேரும். டோரோன்பெக் அதற்கு இடம் கொடுப்பவர் அல்ல. செயினுக்கு ஆறு ஆடுகள் போயின. டர்போவுக்குக் கன்றோடு ஒரு பசு. கியர்பாக்ஸை மாற்ற, வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டிய செம்பழுப்புப் பெண்குதிரை போயிற்று. மேய்ச்சல் சரியில்லை, அதனால்தான் விற்கிறேன் என்று ஊருக்குச் சொன்னார். அந்த வருஷம் புல் முழங்கால் அளவு வளர்ந்திருந்தது.

வண்டியைப் பற்றி யார் விசாரித்தாலும் பதில் ஒன்றுதான்: "ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்ல. சம்பந்தியோட கைராசி." செலவு ஏற ஏறப் புகழ்ச்சியும் ஏறியது.

இரண்டு வருஷம் கழித்து ஜிபாருக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய்வீட்டுச் சீராகத் தொட்டிலை ஏற்றிக்கொண்டு டோரோன்பெக் குடும்பத்தோடு நாரின் போனார். வண்டி பூனைபோல் முற்றத்துக்குள் நுழைந்தது. கல்முராத் அதை இரண்டு முறை சுற்றி வந்தார். காது கொடுத்துக் கேட்டார்.

விருந்தில் முதன்மை விருந்தாளிக்கான ஆட்டுத்தலை டோரோன்பெக்குக்கு முன்னால் வைக்கப்பட்டதும் கல்முராத் எழுந்து நின்றார்.

"சம்பந்தி, சபையில ஒண்ணு கேக்குறேன். இல்லேன்னு சொல்லிடக் கூடாது."

சம்பந்தி இப்படிக் கேட்டால் மறுப்பதற்கில்லை. வேட்டைக் கழுகைக் கொடுத்தவர்கள் உண்டு, வெள்ளிச் சேணத்தைக் கொடுத்தவர்கள் உண்டு.

"கேளுங்க" என்றார் டோரோன்பெக்.

"அந்த வண்டியை எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க. நான் ஏமாந்துட்டேன். இங்க ஒரு மெக்கானிக், படுபாவி, டர்போ போச்சு, கியர்பாக்ஸ் போகப்போகுது, சீக்கிரம் யார்கிட்டயாவது தள்ளிவிடுன்னு என்னைப் பயமுறுத்தினான். நீங்க என்னடான்னா திருகாணி தொடாம ஓட்டுறீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜைனாக் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ தெரிஞ்சேதான் எங்ககிட்ட..."

"உட்காரு" என்றார் டோரோன்பெக்.

டீக் கிண்ணங்களோடு வந்த ஜிபார் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அப்பாவின் வாயையே பார்த்தாள். ஆறு ஆடு, ஒரு பசு, ஒரு குதிரை என்று அவர் எண்ணிச் சொன்னால் போதும், வண்டி அவரிடமே நிற்கும். அதன்பிறகு அந்தக் கதவருகில் அவள் எப்படி நிற்பாள் என்பது வேறு விஷயம்.

"இந்த மெக்கானிக்குகளே பொய்யனுங்க, சம்பந்தி" என்றார் டோரோன்பெக். சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நல்ல வண்டி. எடுத்துக்குங்க."

ஜிபார் முதல் கிண்ணத்தை அவருக்கே கொடுத்தாள். கல்முராத் கண் கலங்கி, பதிலுக்கு வெல்வெட் மேலங்கி ஒன்றை அவர் தோளில் போர்த்தினார்.

மூவரும் வாடகைக் காரில் திரும்பினார்கள். கணவாய் ஏறும்போது சாக்கின் மேலங்கியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"குதிரையைக் குடுத்து மேலங்கி வாங்கியிருக்கீங்க" என்றார் சாக்கின். "அளவாவது சரியா இருக்கா?"

"தோள்ல கொஞ்சம் பிடிக்குது" என்றார் டோரோன்பெக்.

ஓட்டை வண்டியைப் பளபளவென்று துடைத்துச் சம்பந்தி தலையில் கட்டிவிட்டு டோரோன்பெக் தப்பித்துக்கொண்டார் என்று கோச்கோர் சந்தையில் பேசுகிறார்கள். தவறு. அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.