ஒரு டிக் அதிகம்

அலுவலகத்தில் அவனுக்கு டாக்டர் என்று பேர். படுத்துவிட்ட கம்ப்யூட்டர் எதுவானாலும் இவன் கை வைத்தால் எழுந்து உட்காரும் என்று நாலு பேர் சொல்லப்போக, அதை அவனும் முழுசாக நம்பிவிட்டான். வீட்டில் மட்டும் அவன் இன்னும் சின்னவன்தான். அக்கா கூப்பிட்டால் முனகிக்கொண்டாவது போய்த்தான் ஆக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டது அத்தானுக்காக. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கீபோர்டு வகுப்பில் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சியில் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு பாட்டைப் பதிவு செய்து ஆசிரியைக்கு அனுப்ப வேண்டும். போன வருஷம் அத்தான் செல்போனில் பதிவு செய்து அனுப்பியதில் பாட்டைவிட மின்விசிறிதான் நன்றாகக் கேட்டது. அவரை எடுக்கவில்லை. இந்த வருஷம் எப்படியும் மேடையேறிவிடுவது என்று மூன்று மாதமாக ஒரே பாட்டை உருப்போட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை ஆறு மணிதான் கடைசி.

கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் ஒயர் வழியாகச் சத்தம் சுத்தமாகப் போய்ப் பதிவாகும், மின்விசிறி என்ன, இடி விழுந்தாலும் உள்ளே வராது என்று சின்னவன் வந்ததும் வராததுமாக ஒரு பிரசங்கம் செய்தான். ஒயரை மாட்டினான். கம்ப்யூட்டரில் ஹெட்போனைச் செருகி அத்தான் தலையில் வைத்தான். அத்தான் கட்டைகளை அழுத்தினார். பாட்டுச் சத்தம் வரவில்லை என்று கையை விரித்தார்.

பிடுங்கி மறுபடி மாட்டினான். மூன்று முறை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். மணி நாலரை ஆனது. விஷயம் தெரிந்தவர்கள் யாரையாவது கேட்கலாமா என்று அக்கா சும்மா இருக்காமல் கேட்டாள். டாக்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. சத்தம் எங்கிருந்து வர வேண்டும் என்ற பட்டியலைத் திறந்தால், திரைமேல் ஒட்டியிருந்த மைக்குக்கு மட்டும் டிக் இருந்தது. கீபோர்டு ஒயருக்கும் ஒரு டிக் போட்டான். அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. மைக் டிக்கை எடுத்துவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. சத்தம் வந்த தெம்பில் அதை மறந்துபோனான்.

பதிவு ஆரம்பித்தது. கீபோர்டின் சத்தம் முழுக்க ஹெட்போனுக்குள் போய்விட்டதால் அறையில் கட்டைகளின் டக்டக் மட்டும்தான் கேட்டது. பக்கத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த சின்னவனை அவன் மனைவி போனில் கூப்பிட்டாள். எப்போது வருவீர்கள் என்றாள். அத்தான் காதைத்தான் மூடியாயிற்றே, அவன் வாய்க்கு வந்ததைப் பேசினான்.

"எங்க வர்றது? பஸ் டிரைவர் மேடையேறப் போறாராம், அவரை ஏத்திவிட்டுத்தான் வரணும். ஸ்டியரிங் பிடிச்ச கை, விரல் ஒவ்வொண்ணும் உலக்கை மாதிரி இருக்கு. இதை அனுப்பினா அந்த டீச்சரம்மா சிரிப்பாங்க. அக்கா முகத்துக்காக உக்காந்திருக்கேன். இந்த வயசுல மனுஷனுக்கு ஒரு வெட்கம் வேண்டாமா?"

அத்தான் முதுகு அசையவில்லை. டக்டக் அதே வேகத்தில் போய் முடிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றிப் பக்குவமாக மேஜைமேல் வைத்தார். போட்டுக் கேட்கலாம் என்றான் சின்னவன்.

"வேணாம் தம்பி. இன்னொரு தடவை வாசிச்சுடறேன். இது அவ்வளவு சரியில்ல."

சின்னவன் விடுவானா? தன் வேலையின் சுத்தத்தை அக்காவும் கேட்க வேண்டாமா? சமையலறையிலிருந்து அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஸ்பீக்கரை உரக்க வைத்துப் பதிவை ஓட விட்டான்.

பாட்டு வந்தது. கூடவே அவன் குரலும் வந்தது. உலக்கை வந்தது, டீச்சரம்மா வந்தாள், வெட்கம் வேண்டாமா என்பதும் தெள்ளத்தெளிவாக வந்தது. நிறுத்தப் போன கை எந்தப் பட்டனைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் திரைமுன் தடுமாறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. அக்கா கைத்துண்டில் விரல்களைத் துடைத்துக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அத்தான் காதில் எல்லாம் அப்போதே விழுந்திருக்கிறது என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. மைக்கில் பேசியது நேராக ஹெட்போனுக்குள் போயிருக்கிறது. அத்தனையையும் கேட்டுக்கொண்டு வாசித்திருக்கிறார். பஸ்ஸில் பின்னால் இருப்பவர்கள் எவ்வளவு ஏசினாலும் திரும்பிப் பார்க்காமல் ஓட்டுவார் அந்த மனுஷன். படிக்கிற காலத்தில் அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துதான் சின்னவன் தினமும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தான்.

அதைவிட ஒன்று அவனைக் கூனிக் குறுக வைத்தது. அவனுடைய அசிங்கமான பேச்சுக்கு அடியில் பாட்டு ஒரு இடத்திலும் பிசகாமல், நிதானமாக, அழகாகப் போயிருந்தது. கேட்காமலேயே சிரித்திருக்கிறான். இரண்டு சத்தமும் ஒன்றாகக் கலந்து பதிவாகிவிட்டதால், குரலை மட்டும் பிரித்தெடுக்க டாக்டராலும் முடியாது.

அந்த டிக்கை எடுத்தான். அத்தான் மறுபடி வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று தன் விரல்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் நின்றார். ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

"இருக்கிறதை அனுப்பிடு," என்றார். "முதல்ல எடுத்ததை அழிச்சுடு தம்பி. இருந்தா உங்கக்கா போட்டுப் போட்டுக் கேப்பா. உன்மேல கோவம் தீராது."

"அத்தான், அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

சத்தியமாக அவன் மனசிலிருந்து சொன்னான். அத்தான் அவனைப் பார்த்துச் சிரித்தார். ஆறுதலுக்கு ஏதோ சொல்கிறான் என்று தலையை ஆட்டிக்கொண்டு, கீபோர்டின்மேல் துணியைப் போர்த்தினார்.