காத்துப் பீலி

வேனை விட்டு இறங்கியபோதே சுதாகரனுக்குத் தெரிந்துவிட்டது, கம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடுகிறது என்று. நல்ல நிலையில் உள்ள கம்பிரசர் தாங்கியில் காற்றை நிரப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். இது, மேடேறும் லொறி மாதிரி ஒரே மூச்சாக இரைந்துகொண்டிருந்தது. அடைத்த காற்று எங்கெங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது.

தலவாக்கலையிலிருந்து அக்கரபத்தனைக்குப் போகும் வீதியிலிருந்து கொஞ்சம் விலகி, திம்புள்ளப் பக்கத்தில் இருக்கிற தோட்டம் அது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து ஆட்கள் ஸ்டோரு என்பார்கள். அந்த ஸ்டோரில்தான் சுதாகரன் முதன்முதலில் ஃபிட்டராக ஸ்பேனர் பிடித்தான். ஏழு வருடங்களுக்கு முன் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் ஒரு கம்பனிக்கு வேலைக்குப் போனவன், இப்போது அந்தக் கம்பனியின் ஆளாக, காற்று ஒழுக்குப் பிடிக்கும் கருவியோடு வந்திருக்கிறான். இந்த வேலைக்கு வேறொருவரைத்தான் அனுப்புவதாக இருந்தது. 'அந்த இடம் எனக்குப் பழக்கம் சேர்' என்று இவனாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஸ்டோரில் அப்போது அவனோடு பழகிய பிரேமினி இன்னும் கல்யாணம் கட்டவில்லை என்பது அவனுக்குத் தெரியும். இருட்டுமுன் அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்காகத்தான் வந்தான்.

"வாங்க தம்பி, வாங்க. கழுத்துல என்னா, டொக்டர் மாதிரி?" என்று வரவேற்றார் டீமேக்கர் சோமசுந்தரம். தேயிலை ஆக்கும் பொறுப்பு முழுவதும் அவருடையது.

"ஹெட்ஃபோன் ஐயா. காத்து ஒழுகுற சத்தம் நம்ம காதுக்குக் கேக்காது. இது கேக்க வைக்கும்."

"நல்லாக் கேளுங்க. கலர் செப்பரேட்டர் குச்சியத் தள்ளவே மாட்டேங்குது. கொழும்புல நம்ம தேயிலயக் கையில எடுத்துப் பாத்துட்டு, இது வெறகுக் கடையான்னு கேக்குறான்."

கலர் செப்பரேட்டர் என்பது, ஓடிவரும் தேயிலையைக் கெமராவால் பார்த்து, நிறம் மாறிய குச்சியைக் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம். காற்றுக்கு வலுவில்லாவிட்டால் குச்சி தூளோடு போய்விடும். சுதாகரன் கம்பிரசர் அறையில் தொடங்கி, கைத்துப்பாக்கி போன்ற அந்தக் கருவியைக் குழாய் நெடுகக் காட்டிக்கொண்டே நடந்தான். வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் ஒன்று, சுவரைத் துளைத்துப் போகும் இணைப்பில் ஒன்று, பொதி கட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒன்று. கருவி காட்டிய இடத்தில் சவர்க்கார நுரையைத் தடவுவான். நுரை கொப்புளித்தால் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டு நகர்வான்.

தூள் பிரிக்கும் அறைக்குள் நுழைந்தபோது, நீலக் கோட்டுப் போட்ட ஒருத்தி கையில் தேயிலை மாதிரித் தட்டோடு திரும்பினாள். பிரேமினி. கொஞ்சம் இளைத்திருந்தாள். அவள் இப்போது அந்த அறைக்கு சுப்பர்வைசர் என்பதை அந்தக் கோட்டுத்தான் அவனுக்குச் சொன்னது.

"வாங்க சேர்," என்றாள். "கேபிள் கீழ கெடக்கு. பாத்து வாங்க."

சேர்! மற்றப் பெண்களும் 'சேர்' என்றுதான் கூப்பிட்டார்கள், அது உறுத்தவில்லை. அந்த அறையை அவன் தேவைக்கு மேலேயே சோதித்தான். இரைச்சலில் அவளோடு பேச வழியில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இயந்திரங்களை நிறுத்தி, கம்பிரசரை மட்டும் ஓடவிடச் சொன்னான். யாருமே காற்றை எடுக்காதபோதும் கம்பிரசர் இரைந்தது. ஒழுக்கு இன்னும் இருக்கிறது, அதுவும் பெரிது. கருவி அவனை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற ஷாமிலா என்ற பெண், மேலிருந்து இறங்கும் குழாயில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸைப் பிடித்து, அதற்கு மேல் இருந்த பித்தளைத் திருகுகுழாயைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று சீறியது. தலை, தோள், முந்தானை என்று அடித்துக்கொண்டாள். தேயிலைத் தூளிலிருந்து பறக்கும் பஞ்சு போன்ற பழுப்புத் தூசி புகையாய்க் கிளம்பிப் போனது.

"இது என்னா தங்கச்சி?"

"காத்துப் பீலி சேர். லயத்துப் பீலியில குளிப்போம். இங்க நின்னு தூசியக் கழுவுவோம்."

லயங்கள் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவாகத் தண்ணீர் விழும் இடம்தான் பீலி. மலையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர். குளிப்பதும் துவைப்பதும் குடத்தில் பிடிப்பதும் அங்கேதான்.

"யாரு போட்டது இத?"

"நாங்க வரக்குள்ளயே இருந்துச்சு சேர். யாரோ ஒரு ஃபிட்டராம். லவ்வு முத்திப்போயி மாட்டிட்டு, அந்தாளு எங்கயோ ஓடிப் போயிட்டாராம்."

"யாருக்காக மாட்டுனாராம்?"

"அத பிரேமினி அக்காகிட்டக் கேட்டா கண்ண உருட்டும்!" என்று சொல்லிவிட்டு ஷாமிலா சிரித்துக்கொண்டே ஓடினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூசியை அடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

ஏழு வருடங்களுக்கு முன் பிரேமினியும் இவர்களைப் போல இங்கே வேலை செய்த ஒரு பெண். வேலை விட்டு வரும்போது தலையெல்லாம் பழுப்பாக இருக்கும். இராத்திரி முழுக்க இருமுவாள். ஸ்டோருக்குப் பின்புறப் படியில் அவளை நிறுத்தி, கூந்தலில் ஒட்டிய தூசியை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவான் சுதாகரன். அவளைத் தொட அவனுக்கு இருந்த ஒரே சாக்கு அதுதான். இருமலைப் பார்க்கப் பொறுக்காமல், அந்தச் சாக்கையும் தன் கையாலேயே இல்லாமல் செய்துகொண்டான். தூசியை ஊதிவிட இந்த ஹோஸை இழுத்தான்; காற்றுக்கு ஏற்ற வால்வு கேட்டதற்கு, எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார்கள் தோட்டத்து அலுவலகத்தில். பொறுமையில்லாதவன், ஒரு மழை நாளில் லயத்துப் பீலியில் இருந்த பித்தளைக் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்து இங்கே மாட்டினான். தண்ணீருக்குச் செய்த குழாய் காற்றை எத்தனை நாளைக்கு அடக்கும்? அடுத்த வாரமே வத்தளைக்குப் புறப்பட்டான், இரண்டு மாதத்தில் வருகிறேன் என்று. நாட்டில் எல்லாம் தட்டுப்பாடான காலம் வந்தது. கம்பனி அவனை மஸ்கட்டுக்கு அனுப்பியது. தினமும் வந்த டெலிபோன் கோல் வாரம் ஒன்றானது, பிறகு தீபாவளிக்குத் தீபாவளியானது. இடையில் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

குழாயில் நுரையைத் தடவினான். மூடியிருந்தும் அதன் வாயில் பூப்பூவாகக் கொப்புளித்தது. ஹோஸ் அதோடு சேரும் இடத்தைச் சைக்கிள் ட்யூப் துண்டால் யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ட்யூப் துண்டு புதிது.

"அத மாசா மாசம் மாத்தணும்," என்றாள் பிரேமினி பின்னாலிருந்து. "இல்லாட்டி பாம்பு மாதிரிச் சீறும்."

அறையில் வேறு யாரும் இல்லை.

"இருக்கிறதிலயே பெரிய ஒழுக்கு இதுதான்," என்றான். "கழட்டணும். ஆளு மேல இவ்வளவு வேகத்துல காத்து அடிக்கவே கூடாது. கண்ணு போயிரும்."

"போடக்குள்ள தெரியலயா?"

"தெரியல."

"புள்ளைங்களுக்கு வேற வழி பண்ணிட்டுக் கழட்டுங்க. தூசியோட அனுப்ப மாட்டேன்."

அவன் பையைத் துழாவினான். காற்றை இறுக்கமாக அடைக்கும் பந்து வால்வு ஒன்று இருந்தது. காற்றின் வேகத்தைக் குறைக்கும் சின்ன ரெகுலேட்டர் ஒன்றும் இருந்தது. இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தான்.

"பிரேமினி, நான் வேலைக்கு மட்டும் வரல."

"தெரியும். வேலைக்கு வந்தவங்க ஒரே பைப்ப மூணு தரம் கேக்க மாட்டாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்ததுபோல்தான் இருந்தது, ஆனால் முகத்தைத் திருப்பி மேசையைத் துடைத்தாள்.

"வத்தளயில வீடு ஒண்ணு பாத்திருக்கேன். அம்மாவும் எங்கூடத்தான் இருக்காங்க. நீ வந்துர்றியா?"

"வந்து?"

"வந்து என்னா, நான் இருக்கேன்ல."

"நீங்க எங்க இருப்பீங்க? மஸ்கட்டுக்குப் போவீங்க, பியகமவுக்குப் போவீங்க. ஒலகத்துல எங்கெங்க காத்து ஒழுகுதோ அங்கல்லாம் போவீங்க. நான் ஜன்னல்கிட்ட ஒக்காந்து ரோட்டப் பாக்கணும். அத இங்கயே பாத்துட்டேன்." துணியை மடித்து வைத்தாள். "இந்த ரூம இப்ப நான்தான் நடத்துறேன். இத வுட்டுட்டு வரமாட்டேன்."

அவன் மேசையிலிருந்த ரெகுலேட்டரை எடுத்துப் புரட்டினான்.

"நம்ம ஃபிட்டர் போன மாசத்தோட நின்னுட்டாரு. ஐயா ஆளு தேடுறாரு," என்றாள். இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க வர்றீங்களா?"

வருகிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவனுக்கு, கம்பனிச் சம்பளமும், மஸ்கட்டில் கற்ற வேலையும், அடுத்த மாதம் போகவேண்டிய இடங்களும், வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்ட பழைய லயத்து அறையும், மலைக்குளிர் ஆகாத அம்மாவின் முழங்காலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மூடிய குழாய் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது.

"சரி," என்றாள். கோபம் இல்லை. "சாப்பாடு ஆறிரும். வேலயப் பாருங்க."

பிறகு அவன் வேலையைத்தான் பார்த்தான். காற்றை நிறுத்தி, கட்டிய அட்டைகளில் கையோடு முடிக்கக்கூடியவற்றை முடித்தான். புது வால்வையும் ரெகுலேட்டரையும் மாட்டி, காற்றின் வேகத்தைத் தூசியை மட்டும் ஊதிவிடும் அளவுக்கு இறக்கிவைத்தான். பெண்கள் திரும்பிவந்து இயந்திரம் ஓடியபோது குச்சிகள் பொரியரிசி போலத் தனியே தெறித்தன. "வெறகுக் கடைய மூடிட்டீங்க தம்பி!" என்று சோமசுந்தரம் அவன் தோளைத் தட்டினார்.

புறப்படும்போது பிரேமினி அந்தப் பித்தளைக் குழாயைக் கோணிச் சாக்குத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

"எடுத்த எடத்துலயே மாட்டிருங்க. தோட்டம் ரெண்டு பிளாஸ்டிக் கொழாய் போட்டு ரெண்டும் ஒடஞ்சிருச்சு. இப்ப கட்டயத்தான் சொருகி வச்சிருக்கு."

"ஒனக்குத் தெரியுமா, இது பீலிக் கொழாயின்னு?"

"சின்னதுலேருந்து திருகுன கொழாயி, எனக்குத் தெரியாதா? மாட்டுன அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா புடுங்கிட்டுப் போயிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் போனபோது லயத்துப் பீலியில் வேலாயி துணி அலசிக்கொண்டிருந்தாள். லயத்தில் பிரேமினி வீட்டுக்கு அடுத்த அறை, அடுத்த காம்பரா, அவளுடையது. சுதாகரன் கட்டையைப் பிடுங்கி, புது வாஷர் போட்டுக் குழாயை முறுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கைப்பிடியின் நெளிவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அட சண்டாளா, நீதானா அது? எத்தன தரம் மண்ண வாரித் தூத்திருக்கேன், எடுத்தவன் கை வெளங்காமப் போகன்னு!"

"மன்னிச்சிருங்க அத்த."

"எங்க, கையக் காட்டு." இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகல. மாரியாத்தாவுக்கு என் பேச்சு எப்பத்தான் ஏறியிருக்கு!" சிரித்தபடியே துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வேன் மேல் றோட்டில் ஹோர்ன் அடித்தது. நானுஓயாவில் ரயிலைப் பிடிக்க வேண்டும். அவன் கருவிப் பெட்டியை மெதுவாக, ஒவ்வொன்றாக அடுக்கினான். ஸ்டோரு விட்டுப் பெண்கள் வரத்தொடங்கினார்கள். எல்லோருக்கும் பிறகு, கையில் வெறும் கேனோடு பிரேமினி வந்தாள். நீலக் கோட்டு இல்லை.

கேனை வைத்துக் குழாயைத் திறந்தாள். நிரம்பியதும் மூடினாள். மூடிவிட்டு உள்ளங்கையைக் குழாயின் கீழே விரித்துப் பிடித்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. பள்ளத்தில் ஸ்டோரின் கம்பிரசர் இரைந்துகொண்டிருந்தது, சட்டென்று நின்றது. யாரும் நிறுத்தாமலே, தாங்கி நிரம்பி அது சும்மா இருந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"நான் யோசிச்சுட்டுச் சொல்றேன் பிரேமினி," என்றான்.

"வேன்ல போயி யோசிங்க. ரயில் போயிரும்."

கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். அவள் கூந்தல் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு தூசியாவது ஒட்டியிருக்கிறதா என்று அவன் கண் தேடியது. நெற்றி ஓரத்தில், பின்னலின் மடிப்பில், காதின் பின்னால் தேடியது. புது வால்வு நன்றாக வேலை செய்திருந்தது. ஒன்றுகூட இல்லை.

அவள் படியேறி லயத்துக்குள் போகும்வரை நின்றான். மேலே வேன் மறுபடியும் ஹோர்ன் அடித்தது.