1987-க்கு நேரே ஒரு நட்சத்திரம்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. கோலீன் என் தலையில் கட்டியது. கோலீன் எங்கள் மாநில ரோடியோவின், அதாவது குதிரையேற்றமும் மாடு அடக்குதலும் நடக்கும் திருவிழாவின், ராணிப் போட்டிக் கமிட்டித் தலைவி. ஊர்த் தீவனக் கடையும் அவளுடையதுதான். போட்டிக்கு இந்த வருடம் எழுபத்தைந்து நிறைகிறது, ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறோம், அறுபது பக்கம், படங்களோடு, நீதான் எழுதுகிறாய் என்றாள். எனக்கு எழுத வராது, நான் மைக் பிடித்தவன் என்றேன். முப்பத்தோரு வருடம் வாயால் செய்ததைக் கையால் செய், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வேறு யாருக்கோ ஓட்ஸ் மூட்டை போடப் போய்விட்டாள்.

முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டே நான் பேனாவைத் தேடியதை ஒப்புக்கொள்கிறேன். ரோடியோ அறிவிப்பாளனுக்கு ஒரு வியாதி உண்டு. சும்மா நின்று அசைபோடும் மாட்டைப் பார்த்தாலும் அவனுக்குக் குரல் உயரும். தொண்டையில் அறுவை செய்து என் சத்தத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். மீதிப் பாதி கையில் இறங்கியிருக்கிறது. படிக்கும்போது இரைச்சலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(மாநிலத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு. கடைசிப் பகுதிக்கு வந்தால் உங்களுக்கே விளங்கும்.)

2

முதல் தொடக்கம்: "1950-ஆம் ஆண்டு, காற்று பலமாக வீசிய ஒரு பிற்பகலில்..."

அடித்துவிட்டேன். இங்கே காற்று வீசாத பிற்பகல் என்று ஒன்று இருந்தால் அதைத்தான் எழுதவேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: "அழகும் துணிவும் கைகோத்து நடக்கும் இந்த மேடையில்..."

கோலீனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குக் குமட்டியது.

மூன்றாவது தொடக்கம்: தொப்பி.

இதுதான் சரி. ராணியாக வேண்டுமென்றால் குதிரையேறத் தெரியவேண்டும், குதிரைக்கு எத்தனை விலா எலும்பு என்று கேட்டால் சொல்லவேண்டும், தோலில் தைத்த உடையில் மூச்சுவிட்டபடி சிரிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தொப்பி விழக்கூடாது. தொப்பியில்தான் கிரீடம் உட்காரும். முதல் ராணிக்குக் கிரீடமே இல்லை; கூட்டம் யாருக்கு அதிகம் கத்தியதோ அவள்தான் ராணி, தோளில் ஒரு தீவனச் சாக்கைக் கிழித்துப் பெயர் எழுதிப் போட்டார்கள். 1958-இன் ராணி கழுத்தெலும்பு முறிந்த நிலையில் கொடியேந்திச் சுற்றிவந்தாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. 1962-இன் ராணி காற்றுக்குப் பயந்து, குளம்புக்குப் போடும் பசையால் தொப்பியைத் தலையில் ஒட்டிக்கொண்டாள். பட்டம் வாங்கிய கையோடு அவளுக்கு முடி வெட்டினார்கள். அந்த வருட விளம்பரப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் தொப்பியோடுதான் இருக்கிறாள். எனக்கு இவர்கள் எல்லோரையும் அவ்வளவு பிடிக்கும். இப்படி எழுபத்தைந்து பேரையும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று...

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ரோடியோ மன்றத்தின் சுவரில் இருக்கும் ராணிகள் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டு வந்தேன். 1987-க்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

1987: ட்ரூடி ஹாக்கன்சன்*

நட்சத்திரத்துக்குக் கீழே விளக்கம் எதுவும் இல்லை. அடுத்த வருடம் யாரோ பேனாவால் போட்டது. யாரும் அழிக்கவில்லை. புத்தகத்துக்கும் அது வருமா என்று கோலீனைக் கேட்டேன். சுவரில் இருப்பதுதான் புத்தகத்தில் வரும், நட்சத்திரம் இருந்தால் அடிக்குறிப்பு வேண்டும், ஒரு வரிதான் இடம், நீயே எழுது என்றாள். புத்தகம் வருவதைக் கேள்விப்பட்டு அன்றே ட்ரூடியும் எனக்குப் போன் செய்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த நட்சத்திரத்தை எடுக்க முடியுமா?

3

எங்கள் போட்டியில் ஒரு வழக்கம். முதல் சுற்றில் பெண்கள் தங்கள் குதிரையில் சவாரி செய்வார்கள். இரண்டாவது சுற்றில் சீட்டுக் குலுக்கி, எதிராளியின் குதிரையில். ஏறுவதற்கு முன் குதிரைக்காரிக்கு ஒரு நிமிடம் கொடுப்பார்கள். தன் குதிரையின் குணத்தை அவள் எதிராளிக்குச் சொல்லவேண்டும். பத்தடிக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது. சேணப் பேச்சு என்று பெயர். என்ன சொல்லவேண்டும் என்று விதி இல்லை. உண்மையைச் சொல்லவேண்டும் என்றுகூட எழுதிவைக்கவில்லை. அதை எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1987-இல் கடைசியில் எஞ்சியவர்கள் இரண்டு பேர். ட்ரூடி ஹாக்கன்சன், ராண்டா மெக்கிட்ரிக். முதல் சுற்றில் ராண்டா முன்னால் இருந்தாள். இருவரே என்பதால் சீட்டுக்கு வேலையில்லை, ராண்டாவுக்கு ட்ரூடியின் பெட்டைக் குதிரை. பிஸ்கட் என்று பெயர், பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. இருவரும் பிஸ்கட்டின் தலையருகே நின்று ஒரு நிமிடம் பேசினார்கள். ராண்டா ஏறினாள். எட்டு போட்டாள், வட்டம் போட்டாள், எல்லாம் வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் மைதானத்தைச் சுற்றிப் பாய்ச்சலில் வந்து, நடுவர்கள் முன் நின்று கையசைக்கவேண்டும். கடிவாள வாரை இழுத்தாள். பிஸ்கட் நிற்கவில்லை. இன்னும் இழுத்தாள். இன்னும் வேகமாகப் போனது. நடுவர்களைத் தாண்டி, கொடிகளைத் தாண்டி, கன்றுக்குட்டிகளை அடைத்திருந்த பட்டிவரை போனது. தொப்பி எங்கேயோ பறந்தது.

பட்டம் ட்ரூடிக்கு. ராண்டா இரண்டாமிடம்.

(இந்த இடத்தில் பிஸ்கட்டின் பக்கத்தையும் எழுதிப்பார்த்தேன். குதிரை மனதில் நினைப்பதாக ஒரு பத்தி. வேண்டாம், நீங்கள் பார்க்காமல் இருப்பதே நல்லது.)

4

இனி என் பங்கு. இதை எழுதாமல் கடக்கத்தான் முதல் மூன்று பிரதிகளும் பார்த்தன.

1987 எனக்கு முதல் வருடம். இருபத்தாறு வயது, கையில் மைக், முன்னால் மூவாயிரம் பேர். ஒரு பெண் தொப்பியில்லாமல் குதிரையோடு போராடிக்கொண்டிருக்கிறாள், கூட்டம் திகைத்து உட்கார்ந்திருக்கிறது. அறிவிப்பாளன் மௌனத்தை விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் விடவில்லை.

"என்ன ட்ரூடி, அந்த வண்டிக்கு பிரேக் எங்க இருக்குன்னு சொல்லாம விட்டுட்டியாம்மா?"

மூவாயிரம் பேரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் சிரிப்பு. அடேயப்பா, என்ன சந்தோஷம் அது! கிரீடம் வைத்தபோது ட்ரூடிக்கு விழுந்த கைதட்டலைவிட எனக்கு விழுந்த சிரிப்பு பெரியது. மறுநாள் மாநிலம் முழுக்க அது ஜோக்காக இல்லை, செய்தியாக இருந்தது. ட்ரூடி பொய் சொல்லித்தான் ஜெயித்தாள் என்று. சுவரில் அந்த நட்சத்திரம் விழுந்தது அதனால்தான். ஆகவே இந்தக் கதையை நான் இப்போது புதிதாக எழுதவில்லை. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் எழுதிவிட்டேன். இது திருத்தம்.

5

ராண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். நான் போனது வியாழக்கிழமை. வியாழன் என்றால் சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பும், இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும். ஒரு தட்டை முன்னால் வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல் என்றாள். அந்த ஒரு நிமிடத்தில் ட்ரூடி என்ன சொன்னாள் என்று கேட்டேன். சுற்றி வளைப்பாள் என்று எதிர்பார்த்தேன். (அதற்காக இரண்டு பக்க உரையாடல்கூட யோசித்து வைத்திருந்தேன்.)

"சரியாத்தான் சொன்னா, டுவைன். 'நிறுத்தணும்னா வாரை விட்டுடு, இழுத்தா பறப்பா'ன்னா. எந்தப் பைத்தியக்காரியாவது குதிரைய நிறுத்த வாரை விடுவாளா? என்னைக் கவுக்கப் பாக்குறான்னு நெனச்சேன். இழுத்தேன்."

பந்தயக் குதிரையை அப்படித்தான் பழக்குவார்கள், இழுத்தால் ஓடும். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும். பாயும்போது யாருக்கும் ஞாபகம் வராது. சரி, இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீதான் மைக்ல கேட்டியே. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் எல்லாருக்கும் நான் ஏமாந்தவ, முட்டாள் இல்ல. அது எனக்கு சௌகரியமா இருந்துச்சு." கரண்டியைக் கழுவினாள். "அது மட்டுமில்ல, நேர்ல வந்து இதைக் கேட்ட முதல் ஆளே நீதான். நான் சொன்னேன்னே எழுதிக்கோ."

ரோலைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். நட்சத்திரம் போயிற்று! கதைக்கு முடிவும் கிடைத்தாயிற்று! வண்டி ஓட்டிக்கொண்டே கடைசிப் பத்தியைச் சத்தமாகச் சொல்லிப்பார்த்தேன். பாதித் தொண்டையிலும் நன்றாகத்தான் இருந்தது.

6

முடிவு (முதல் பிரதி): "உண்மை வென்றது. ட்ரூடியின் கண்கள்..."

அவள் கண்கள் ஒன்றும் செய்யவில்லை. மாவட்டச் சாலையில் ஜல்லியை மட்டம் செய்யும் பெரிய வண்டியை ஓட்டுவது அவள் வேலை. என்னைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, மேலேயே உட்கார்ந்து கேட்டாள். ராண்டா ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். என் ஜோக்குக்கு மன்னிப்பும் கேட்டேன், முப்பத்தெட்டு வருடம் தாமதமாக. அவள் கையுறையைக் கழற்றினாள்.

"நெஜத்தத்தான் சொன்னேன். அவ நம்பமாட்டான்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"அந்த வாரம் ரெண்டு தடவ அவகிட்ட பொய் சொல்லியிருந்தேன், டுவைன். நேர்காணல் பத்து மணிக்குன்னேன், அது ஒம்பதுக்கு. கொடி வலது கையிலன்னேன், இடது. ரெண்டுலயும் மாட்டிக்கிட்டேன். மூணாவது தடவ நான் வாயைத் தொறந்தா அவ தலைகீழாத்தான் செய்வா. 'இழு, நிப்பா'ன்னு சொல்லியிருந்தா அவ வாரை விட்டிருப்பா, ஜெயிச்சிருப்பா. அதான் உண்மையச் சொன்னேன்."

நல்ல முடிவு கையிலிருந்து நழுவுவதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. இதை ஏன் என்னிடம் சொல்கிறாய், சும்மா இருந்திருந்தால் நட்சத்திரம் போயிருக்குமே என்று கத்தினேன். கோபமாகவே கத்தினேன்.

"எடுக்கணும்தான். ஒவ்வொரு வருஷமும் மன்ற விருந்துல அந்தச் சுவரப் பாக்காம சாப்பிடுறதுக்கு, திரும்பி உக்காந்தே எனக்குக் கழுத்து வலி வந்துடுச்சு." எஞ்சின் சாவியில் கைவைத்தாள். "ஆனா பொய் சொல்லி எடுக்காத."

(எழுதுகிறவனின் சந்தேகம்: இப்போது என்னிடம் சொன்னது எதற்காக? நான் அவளை நம்பமாட்டேன் என்று நினைத்தா? அவளை அப்படிப்பட்ட பாத்திரமாக எழுதினால் கதை இன்னும் விறுவிறுப்பாகும். ஆனால் அவள் கையுறையைக் கழற்றிய விதத்தைப் பார்த்தவன் அப்படி எழுத மாட்டான். நான் நம்புகிறேன்.)

7

ராண்டாவுக்குப் போன் செய்தேன். ட்ரூடி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை.

"ஒரே ஒரு தடவ நான் அவள நம்பியிருந்தா கிரீடம் என் தலையில. அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சும் வாயைத் தொறந்தாளே, அந்த நெஞ்சழுத்தம் இருக்கே!"

அப்படியானால் நட்சத்திரத்தை எடுத்துவிடலாமா என்றேன்.

"அதை என்கிட்ட கேக்காத. ஒம்பது மணி நேர்காணலுக்கு நான் தலையில முடி சுருட்டுற கம்பியோட ஓடினவ. எனக்கு அதுக்கு இன்னும் கோவம் ஆறல."

8

அச்சகத்துக்கு இன்று நண்பகலுக்குள் போகவேண்டும். முப்பத்தோராம் பக்கத்தின் அடியில் ஒரே வரிக்கு இடம். இதுவரை எழுதியவை:

* அவர் உண்மையைச் சொன்னார். (சரிதான். ஆனால் படிப்பவர்கள் அவளை நல்லவள் என்று நினைத்துவிடுவார்கள். அதை அவளே வேண்டாம் என்கிறாள்.)

* அவர் எதிராளியை ஏமாற்றினார். (இதுவும் சரிதான். ஒரு பொய்கூடச் சொல்லாமல்.)

* இந்தக் குறிப்புக்குக் காரணம் அறிவிப்பாளரின் அதிகப்பிரசங்கித்தனம். (கோலீன் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, நீ ஒரு ஓரமாகப் போய் உட்கார் என்றாள்.)

* அன்று காற்று பல... (இல்லை.)

நட்சத்திரத்தை அப்படியே அழித்துவிட்டு, குறிப்பே இல்லாமல் விடலாம். அதற்கும் கை போனது. சொல்லாமல் விடுவதும் எனக்கு ஒரு பொய் மாதிரி இருக்கிறது. இல்லையோ?

எங்கள் போட்டியில் நடுவர்களை வெளி மாநிலத்திலிருந்துதான் கொண்டுவருவோம். பெண்களைத் தெரிந்திருக்கக்கூடாது, அவர்கள் குடும்பத்தோடு சாப்பிட்டிருக்கக்கூடாது, ஒருவரோடொருவர் கலந்து பேசவும் கூடாது. இங்கே தேடிப்பார்த்துவிட்டேன். என் ஜோக்கைக் கேட்காத ஆள், கேட்டுச் சிரிக்காத ஆள், இந்த மாநிலத்தில் மிச்சமில்லை. நீங்கள் இருக்கிறீர்கள். மாநிலத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டது, நீங்கள் வெளியாளாகவே இருக்கவேண்டும் என்பதற்குத்தான்.

பென்சில் வேண்டாம், பேனாவை எடுங்கள். வரி எழுதுவதானாலும் நட்சத்திரத்தை அடிப்பதானாலும் உங்கள் இஷ்டம். நான் எட்டிப் பார்க்க மாட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் எழுதினேன் என்று பிறகு நீங்கள் வருத்தப்படக்கூடாது. பக்கத்தை வாங்கிப்போக கோலீன் வந்திருக்கிறாள், ட்ரூடியும் கூடவே வந்திருக்கிறாள். வேலை உடுப்பில், புழுதியோடு, உங்கள் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறாள். நீங்கள் எழுத எழுத அவள் படிப்பாள்.

1987: ட்ரூடி ஹாக்கன்சன்*

* ................................................................