போர்வைகளை நனைத்த மரம்

குழாய் வறண்ட மூன்றாம் ஆண்டிலிருந்து சலவைக்கடைக்காரி காய்ந்த போர்வைகளைக் கடைக்குப் பின்னால் நின்ற மரத்தில் தொங்கவிட்டு, சொட்டச் சொட்ட ஈரமாக எடுத்தாள். மொட்டைப் பாறைமேல் நின்ற மரம் அது. பிழிந்தால் நாளொன்றுக்கு நான்கு பீப்பாய் தண்ணீர் தேறும். விடுதிகளின் அழுக்குத் துணிக்கும் வீட்டுச் சமையலுக்கும் அது போதும். புருஷன் போனபின் அவளுக்கு இருந்த பிழைப்பு அந்தக் கடை ஒன்றுதான்.

அவளுடைய கொழுந்தன், தண்ணீர் நிபுணன் என்று தன் வீட்டு வாசலில் தானே பலகை மாட்டிக்கொண்டவன். ஊரில் ஒன்பது ஆழ்துளை போட்டு, ஒன்பதிலும் புழுதியைக் கண்டுபிடித்தவன். ஆயிரம் அடிக்குக் கீழே ஏரி கிடக்கிறது என்பான். ஊரும் வாயைப் பிளந்து கேட்கும். ஏமாறுவதில் அந்த ஊருக்கு இருந்த சுறுசுறுப்பு வேறெதிலும் இருந்ததில்லை. மரத்தின் வேர்களோ பத்தடிக்குள்ளேயே, மயிரிழை வெடிப்புகளில் நுழைந்து, எப்போதோ பெய்த மழை கல்லுக்குள் விட்டுப்போன கசிவை நக்கிக் குடித்துக்கொண்டிருந்தன. பாறையைக் குடைந்து கட்டிய கடையின் பின்சுவரில் அதைத் தினமும் பார்த்தவள் அவள். சொல்லியும் பார்த்தாள்.

"ஏரியும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. கல்லுக்குள்ள ஈரம் இருக்கு, இது உறிஞ்சுது. அவ்வளவுதான்."

"துணி வெளுக்கிறவங்களுக்குப் பாறையப் பத்தி என்ன அண்ணி தெரியும்? என் ஏரியத்தான் இது திருடிக் குடிக்குது."

மறுநாள் காலை ரம்பத்தோடு வந்தான். அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளை இழுத்துப் பிடிக்க ஆள் இருந்தது, அவனைத் தடுக்கத்தான் ஒருவரும் இல்லை. மரம் விழுந்தது. தண்ணீர் பீறிடும் என்று குடங்களோடு வந்தவர்கள் மரத்தூளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொழுந்தன் வெட்டிய அடிமரத்தின்மேல் வெறுங்காலோடு ஏறி, இனி ஏரி தானே மேலே வரும் என்று ஒரு மணி நேரம் முழங்கினான். வேர்களுக்கு அந்தப் பேச்சு எட்டவில்லை. வழக்கம்போல உறிஞ்சி மேலே அனுப்பின. போக இலை இல்லாததால் தண்ணீர் அவன் உள்ளங்கால் வழியே ஏறி விரல்நுனிகளில் சொட்டியது. இறங்கப் பார்த்தான், கால் வரவில்லை.

மரத்துக்காக அவள் அழுதாள்; அவனுக்காக அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வைக் கூடையை எடுத்து வந்தாள்.

"கையை நீட்டு தம்பி."

அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போதும் வருவோர் போவோரிடம் அவன் ஏரியைப் பற்றித்தான் பேசுகிறான். பேச்சு மும்முரத்தில் கை தாழ்ந்தால், போர்வை மண்ணில் புரள்கிறது என்று அவள் திட்டுகிறாள். தண்ணீர் நான்கு பீப்பாய்க்குக் குறையவில்லை. நிழல்தான் போதவில்லை.