இரண்டு விரல் இடைவெளி

“பிள்ளை அங்கேயே தகப்பனோட இருக்கட்டும். இஞ்ச வந்தாப்பிறகு அந்தக் கதை எடுக்கப்படாது.”

“ஓம்.”

“நீங்கள் பிள்ளையோட ரெலிபோனில கதைக்கிறதை நான் மறிக்கேல்லை. வீட்டுக்கு மட்டும் வரவேண்டாம். சனத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய என்னால ஏலாது.”

“ஓம்.”

“வேற ஏதும் கேக்கோணுமெண்டால் இப்பவே கேளுங்கோ.”

“மெல்பேர்னில சினோ கொட்டுமோ?”

இருபது வருடங்களுக்கு முந்திய பேச்சு அது. கலியாணம் பேசி முடிந்த கையோடு விக்னராஜா மெல்பேர்னிலிருந்து எடுத்த தொலைபேசி. மறுமுனையில் கமலினி சுவிஸில், ஒரு மலையடி ஹோட்டலின் குசினியில் நின்றாள். அவள் ஓம் சொல்லும்போதெல்லாம் பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. முதல் கலியாணம் முறிந்து, ஐந்து வயதுப் பெண்குழந்தையை நீதிமன்றம் தகப்பன் வீட்டாரிடம் விட்டிருந்த நேரம். பனி கொட்டாது என்று அவர் சொன்னார். அதற்கும் ஓம் என்றாள்.

அதை நினைத்துக்கொண்டே விக்னராஜா கல்லின் தலையில் றப்பர் சுத்தியலால் தட்டினார். நாற்பதாவது கல். இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

மெல்பேர்னின் புறநகரான வெரிபீயில் அவர்களுடைய வீட்டுப் பின்வளவில், பருமணலும் சல்லியும் கலந்து இடுப்பளவுக்குக் கொட்டிய மேடு அது. தட்டையான கறுத்த பலகைக்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, முக்கால் பங்கை மணலுக்குள் புதைத்து, எல்லாம் ஒரே பக்கம் சரிந்து நிற்க வரிசைப்படுத்தவேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அந்த இடுக்கில்தான் மலைச்செடிகள் வேர்விடும். வெரிபீ வெயிலில் மேலே இலை வாடினாலும் கீழே கல்லின் குளிரில் வேர் பிழைத்துக்கொள்ளும் என்று கமலினி சொன்னாள்.

அவருடைய தொழில் குளியலறைகளுக்கு டைல் பதிப்பது. இடைவெளியைக் கண்டால் சாந்து இழுத்து அடைத்துவிடும் கை. பெப்ரவரியில், இனிச் சிகிச்சை இல்லை என்று சொல்லி வைத்தியர்கள் கமலினியை வீட்டுக்கு அனுப்பிய கிழமை, ஆஸ்பத்திரிக் கடிதத்தின் பின்பக்கத்தில் அவள் இந்தத் தோட்டத்தைக் கீறிக் காட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

“உப்பிடி வெடிப்பு விட்டு ஒரு வேலை செய்தனெண்டால் என்னைக் கலைச்சுவிடுவினம்.”

“இவ்வளவு காலமும் அடைச்சது காணும். இதையும் அடைச்சுப்போடாதேங்கோ.”

சுவிஸில் அவள் வேலைசெய்த ஹோட்டலுக்குப் பின்னால் பாறை வெடிப்புகளில் இப்படித்தான் பூத்துக் கிடக்குமாம். ஓய்வு நேரத்தில் போய்ப் பார்ப்பாளாம். யாரைக் கூட்டிக்கொண்டு போனாள் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மே மாதத்து வியாழக்கிழமை. கண்ணாடிக் கதவோரம் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கமலினி கிடந்தாள். பார்க்கத் தோதாகத் தலைப்பக்கத்தை உயர்த்தியிருந்தார்கள். முந்தாநாள்வரை, அது நேர், இது கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை.

காலை பதினொரு மணிக்கு, வீட்டுக்கு வந்து பார்க்கும் நேர்ஸ் ஹரிப்பிரியா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, மெல்பேர்னுக்கு வந்து ஆறு மாதம்தான். நாடி பார்த்து, காலைத் தொட்டுப் பார்த்து, போர்வையை இழுத்துவிட்டாள்.

“அண்ணா, அனேகமா இன்னைக்குத்தான். வரச்சொல்ல வேண்டியவங்க யாராவது இருந்தா சொல்லிடுங்க.”

“அப்பிடி ஒருத்தரும் இல்லை.”

அந்த நேரம் பார்த்துக் கட்டிலோர மேசையில் கமலினியின் கைபேசி அதிர்ந்தது. திரையில் தாரிணி என்ற பெயர். ஹரிப்பிரியா அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். சுவிஸில் இப்போது விடியச் சாமம் மூன்று மணி என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது.

“முகம் சுளிச்சாங்கன்னாலோ, முனகினாங்கன்னாலோ இந்த மருந்த நாக்குக்கு அடியில விடுங்க. ஊசி கிடையாது, சும்மா சிரிஞ்சுதான். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் ஒரு மணி நேரமாவது விடணும். குடுத்த நேரத்த இந்தத் தாள்ல எழுதி வைங்க. அப்புறம், காது கடைசி வரைக்கும் கேக்கும். பேசிட்டே இருங்க.”

“என்ன கதைக்கிறது?”

“கதையெல்லாம் வேண்டாங்கண்ணா. சும்மா பேசினாப் போதும்.”

“அதைத்தான் நானும் கேட்டனான், பிள்ளை. என்ன கதைக்கிறது?”

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருந்தியவள்போல அவருடைய கையைத் தொட்டாள். “என்ன வேலை பண்றீங்களோ அதச் சொல்லுங்க. அக்கா வேற எதக் கேக்கப்போறாங்க?”

கமலினி வேறு ஒன்றைக் கேட்கவேண்டும் என்றுதான் விக்னராஜா பதினொரு வருடமாகக் காத்திருந்தார்.

அன்றொரு புதன்கிழமை, டைல் பசை வாங்கப் போன இடத்தில், வாகனத் தரிப்பிடத்தின் ஒதுக்கத்தில் தங்களுடைய கார் நிற்பதைக் கண்டார். உள்ளே கமலினி. கைபேசியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துவிட்டு, தன் தலைமயிரை முன்னால் எடுத்துப்போட்டு மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பிறகு அவிழ்த்தாள். திரும்ப ஆறுதலாகப் பின்னினாள். திரையில் பதினாலு வயதுப் பெட்டையொருத்தி அதைப் பார்த்துத் தன் தலையைப் பின்னப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் பசை வாங்காமலே திரும்பிவிட்டார். புதன்கிழமைச் சாமான் வாங்கல் ஏன் இரண்டு மணித்தியாலம் எடுக்கிறது என்று அதன் பிறகு அவர் கேட்டதில்லை.

அன்றே அவரிடம் பதில் தயாராகிவிட்டது. ‘பிள்ளையை ஒருக்காக் கூப்பிடுவமோ?’ என்று அவள் வாய் திறந்து கேட்டால், ‘வரட்டும்’ என்று உடனே சொல்லிவிடுவார். ஆனால் அவள் கேட்கவில்லை. ஓம் என்று சொன்ன பெண், சொன்ன சொல்லில் நின்றாள். கேட்காமலே சொல்லியிருக்கலாம்தான். தான் போட்ட பூட்டைத் தானே போய்த் திறப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் தட்டட்டும் என்று இருந்தார்.

ஹரிப்பிரியா போனபின், கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு விக்னராஜா மேட்டுக்குப் போனார்.

“இஞ்சரும், கடைசிக் கல்லை வைக்கப்போறன். இது கொஞ்சம் கட்டை. கீழ சல்லி குடுத்து உயர்த்துறன், என்ன?”

கல்லை வைத்து மட்டம் பார்த்தார். டண்டினோங் மலைப்பக்கத்து நாற்றுமேடையில் வாங்கிவந்த செடிகள் தட்டில் நின்றன. விரல்நுனி அளவு ரோசாப்பூப் போல அடுக்கிய இலைகள். ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் கழுவி, வேரில் ஒட்டிய மண்ணைப் போக்கி, நீளக் கரண்டியால் இடுக்குக்குள் வேரை இறக்கி, பக்கத்தால் மணல் விட்டு, கழுத்தடியில் சின்னக் கல்லொன்றைச் செருகவேண்டும். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது.

“மண்ணைக் கழுவாட்டி செடிக்குப் பழைய மண்ணிலதான் சீவியம், வேர் கீழ போகாதெண்டு சொன்னனீரெல்லோ? கழுவுறன்.”

“ஹும்…” என்று கேட்டது. “ஹும்… ஹெய்.”

கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினார். அவளுடைய புருவம் சுருங்கியிருந்தது. பெருமூச்சுப்போல அது திரும்பவும் வந்தது. “ஹும்… ஹெய்…”

“நோகுதோ? பொறும், பொறும்.”

உதட்டைப் பிரித்து, நாக்குக்குக் கீழே மருந்தை விட்டார். கொஞ்சத்தில் புருவம் தளர்ந்தது. தாளில் 12.20 என்று எழுதினார்.

மூன்று செடி வைத்தார், நான்கு வைத்தார். இடையில் கைபேசி மேசையில் அதிர்ந்து ஓய்ந்தது. நீலப்பூப் பூக்கும் செடியை மேட்டின் தெற்குப் பக்கம், நிழல் விழும் இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தாள்; அங்கே வைத்தார். செய்வதையெல்லாம் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வளவு நாய் அவருடைய குரலுக்குக் குரைத்து அலுத்துப் படுத்தது.

“ஹும்… ஹெய்!”

இந்தமுறை குரல் இழுபட்டு உயர்ந்திருந்தது, தூரத்தில் நிற்கும் யாருக்கோ போல. அவளுடைய வலதுகை போர்வையை விட்டு எழும்பி, விரல்கள் மடங்கி விரிந்தன. விக்னராஜா அந்தக் கை போன திசையைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் கற்கள்.

“எந்தக் கல்லு? அந்த ஓரத்தில நிக்கிறதோ? சரிஞ்சுபோச்சோ?”

வெளியே ஓடி ஓரத்துக் கல்லை அசைத்து நிமிர்த்தினார். திரும்பி வந்தார். கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மருந்து விட்டார். 1.50 என்று எழுதினார். எழுதிய கையில் மணல். தாளில் ஒட்டியதை ஊதினார்.

கட்டிலோரக் கதிரையில் கொஞ்சநேரம் இருந்தார். “கமலினி,” என்றார். “ஏதும் கேக்கோணுமெண்டால் கேளுமன்.” மூச்சு ஏறி, நின்று, இறங்கியது. “நான் ஓமெண்டுதான் சொல்லுவன். கேளும்.”

மூன்று மணி தாண்டி அதே முனகல் வந்தது. மிக மெல்லிதாக, சொல் பாதியில் அறுந்து. “ஹும்…” மூன்றாம் முறையும் மருந்து விட்டார். 3.05. அதற்குப் பிறகு அவள் முனகவில்லை. வலி போய்விட்டது என்று அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. தட்டில் கடைசியாக நின்ற செடியை எடுத்துப்போய் வைத்து, கல் செருகி, எல்லாவற்றுக்கும் பூவாளியால் தண்ணீர் தெளித்தார்.

“முடிஞ்சுது. இருபத்தாறும் வைச்சாச்சு.”

கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே போர்வையைப் பார்த்தார். அது ஏறவில்லை. ஏறும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். பூவாளியிலிருந்து தண்ணீர் அவருடைய செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

நாலேகாலுக்கு ஹரிப்பிரியா திரும்ப வந்தாள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். நேரத்தைக் குறித்தாள். முகத்தைத் துடைத்து, தாடையின் கீழ் துவாயைச் சுருட்டி வைத்தாள். விக்னராஜா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபியூனரல்காரங்களுக்குச் சொல்லிட்டேண்ணா. ஆறு மணிக்கு வருவாங்க. காரியம் செவ்வாயா வியாழனான்னு கேப்பாங்க, யோசிச்சு வைங்க.”

கைபேசி அதிர்ந்தது. மேசையின் விளிம்புவரை நகர்ந்து வந்தது.

“காலையில இருந்து அடிக்குதே. யாருங்கண்ணா தாரிணி?”

“கமலினியின்ர மகள்.”

இருபது வருடமாகச் சொல்லத் தயங்கிய விளக்கம் இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. ஹரிப்பிரியா கைபேசியை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனாள்.

“அம்மா?”

“நான் விக்னராஜா.”

“அங்கிள்.” அந்தக் குரலுக்குப் பின்னால் ரெயில்நிலைய அறிவிப்பு ஏதோ ஓடியது. “அம்மா நித்திரையா?”

“அம்மா போயிட்டா, பிள்ளை. இப்ப ஒரு மணித்தியாலம் ஆகேல்லை.”

அறிவிப்பு முடிந்தது. ரெயில் ஒன்று வந்து நின்று, கதவு மூடிப் போகும் சத்தம். அவள் அதில் ஏறவில்லை.

“நொந்ததா?” என்று கேட்டாள்.

“இல்லை, இல்லை. நான் பக்கத்திலதான் நிண்டனான். ஒவ்வொருக்கா அனுங்கினவ. அனுங்க அனுங்க மருந்து குடுத்தனான். பேந்து அமைதியாயிட்டா.”

“கதைக்கேல்லையா? ஒண்டும் சொல்லேல்லையா?”

“சொல்லுற நிலையில இல்லை, பிள்ளை. பெருமூச்சு மாதிரித்தான் வந்தது. ஹும்… ஹெய்… எண்டு.”



“திரும்பச் சொல்லுங்க.”

“என்னத்தை?”

“அம்மா சொன்னது. அதே மாதிரி.”

“ஹும்… ஹெய்,” என்றார் விக்னராஜா. அந்த அறையில் தன் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

“அது அனுங்கிறது இல்ல, அங்கிள்.” அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். “சுவிஸ் பாஷை. சின்னனில நான் கீழ விளையாடிக்கொண்டு நிப்பன். இருட்டினால் அம்மா மேல யன்னலால கூப்பிடுவா. அது… வீட்டுக்கு வா எண்டு.”

விக்னராஜா கதிரையில் இருந்தார். முழங்காலில் அந்தத் தாள் கிடந்தது. 12.20, 1.50, 3.05. அவருடைய கையெழுத்து. அதைத் திருப்பி வைத்தார். திருப்பினாலும் பேனை அழுத்திய தடம் தெரிந்தது.

தாரிணியும் ஒன்றும் கேட்கவில்லை. எப்போது காரியம், எங்கே, தான் என்ன செய்யலாம், ஒன்றுமே. கேட்கப்படாது என்று அவளுக்கும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது அந்த மௌனத்தில் அவருக்கு விளங்கியது. குசினியில் ஹரிப்பிரியா குழாயைத் திறந்து மூடினாள்.

இத்தனை வருடமும் அவரிடம் இருந்தது ஒரு பதில். கேட்பதற்கென்று அவரிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.  

“பிள்ளை,” என்றார். “நீங்கள் வந்தாப்பிறகுதான் அம்மாவை எடுக்கிறது. செவ்வாயும் இல்லை, வியாழனும் இல்லை. கேக்குதோ?”

“ம்.”

“அம்மா கூப்பிட்டதுக்காக இல்லை. இது நான் கேக்கிறன். வீட்டுக்கு வாங்கோ.”